எண்ணெய் அழுத்தமானி இயல்: தஞ்சோங் மாலிம் வழக்கை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தன் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொன்னால் அடுத்த மாதம் என்று தள்ளிப்போடுகிறவர், தன் லேண்ட் ரோவரின் எண்ணெய் அழுத்தத்தை இன்றே அறியத் துடிப்பது ஏன்? 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் தஞ்சோங் மாலிமிலேயே இருந்தும், இவ்வினாவுக்கென ஒரு துறை ஏற்படவில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

ஆய்வுப் பொருள் சீரிஸ் 2ஏ வண்டி. மூலவரலாறு சுருக்கம்: 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் பிறந்தது, ஜூனில் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுடப்பட்டு மலாயாவின் கம்யூனிச எதிர்ப்பு அவசரகாலம் பிறந்தது. இரண்டும் கூடவே வளர்ந்தன. பிறகு துரைமார் கப்பலேறினார்கள், பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, வண்டி மட்டும் கைமாறிக் கைமாறி நம் ஆட்களிடம் நின்றது.

இவ்வண்டிக்கு ஆலை அளித்தது எண்ணெய்க்கென ஒரே ஒரு விளக்கு. அதுவும் பச்சை. உலகமெங்கும் பச்சை எரிந்தால் போகலாம்; இங்கே பச்சை எரிந்தால் எஞ்சின் போகப் போகிறது. இதிலிருந்தே இரு மதங்கள் கிளைத்தன. விளக்குவாதிகள், எரியாதவரை கவலையில்லை என்பார்கள். இதே ஊரில் புரோட்டோன் ஆலையிலிருந்து இறங்கும் புதுக் காடிகளிலும் விளக்குதானே என்று சான்று காட்டுவார்கள். மானியின் முள்ளை நம்பும் முள்வாதிகளின் மறுப்பு வலுவானது: அழுத்தம் அநேகமாக அற்றுப்போன பிறகுதான் விளக்கு வாய் திறக்கும், அதற்குள் பேரிங் தேய்ந்திருக்கும். விளக்கு மரண அறிவிப்பு, முள் மருத்துவக் குறிப்பு. ஆய்வாளர் முள்வாதி. நடுநிலை என்று பொய் சொல்ல விருப்பமில்லை.

சமரசவாதிகளும் உண்டு. ஃபில்டர் தலையில் உள்ள விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு டி-துண்டைப் பொருத்தி, ஒரு கிளையில் சுவிட்சையும் மறு கிளையில் மானியையும் மாட்டுவது இவர்கள் கொள்கை. ஆய்வுலகின் மாபெரும் பாடபேதம் இங்கேதான் தலைதூக்குகிறது. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் மரையின் கோணம் 55 பாகை என்று சூத்திரம் செய்தார். 1864இல் பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை என்று மறுத்தார். குழாய் மரையிலும் இரு பாடங்கள்: அரைக்கால் அங்குலத்தில் பிரிட்டிஷ் பாடம் அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்கப் பாடம் 27. ஒரே ஒரு சுற்றுதான் பேதம். பார்வைக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒரு பாடத்தின் துளையில் மறு பாடத்தை மாட்டினால் முதல் சுற்று வெண்ணெயாகப் போகும், இரண்டாவது தயங்கும், மூன்றாவதில் கடிக்கும். கடித்த இடத்தில் கையை எடுப்பவன் அறிஞன். ஸ்பேனரை எடுப்பவன் அடுத்த வாரம் புது ஃபில்டர் தலை தேடிக் கோலாலம்பூருக்கு பஸ் ஏறுவான்.

அடுத்தது, அழுத்தத்தை மானிக்குக் கொண்டுவருவது குழாயா மின்கம்பியா என்னும் வழக்கு. குழாய்க் கொள்கையின் ஆதிகுரு 1849இல் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுக்காரர் யூஜீன் பூர்தோன். வளைந்த தட்டைக் குழாய்க்குள் எண்ணெய் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த நிமிர்வுதான் முள்ளைத் தள்ளுகிறது. எஞ்சினிலிருந்து டேஷ்போர்டு வரை செம்புக் குழாய் போகவேண்டும். எஞ்சின் உதறலில் ஒடியாதிருக்க நடுவே இரண்டு சுருள் விடவேண்டும். தகரத்தைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடவேண்டும். மறந்தால் சூடான மிஞ்ஞாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) ஓட்டுநரின் முழங்காலை வந்து சேரும். (இந்த ஊருக்குக் குழாய் என்பது வேடிக்கையான சொல் அல்ல. 1952 மார்ச்சில், அறுக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போன குழுவில் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். அன்றைய பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் ஊருக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார். ஆய்வு அந்த இடத்தைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடக்கிறது.) கம்பிக் கொள்கையினருக்கு முழங்கால் பயம் இல்லை. ஆனால் ஒற்றைக் கம்பி சென்சருக்கு மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கும். ஒழுகக்கூடாது என்று வெள்ளை டேப்பை அள்ளிச் சுற்றினால் எர்த் அறுந்து முள் கண்டபடி ஆடும்.

மானி பொருத்தியபின் நிகழ்வது உளவியல். முன்பு ஓட்டுநருக்கு இரண்டே மனநிலை. இப்போது முள்ளுக்கு எத்தனை கோடோ அத்தனை. கோப்பிக் கடை வாசலில் வண்டி நின்று முணுமுணுக்கும்போது முள் சரியும். ஒரு பட்டறையில் ஓட்டுநருக்கும் போமனுக்கும் (மெக்கானிக்) இடையே பதிவான உரையாடல்:

“அண்ணே, முள்ளு எறங்குதுண்ணே.”

“சூடானா எண்ணெ தண்ணியாயிரும், எறங்கத்தான் செய்யும் தம்பி. வண்டிக்கு வயசானா பிரஷர் எறங்கும், நமக்கு வயசானா ஏறும். ரெண்டையும் ஒரே டாக்டர்கிட்ட காட்டாத லா.”

போமன் கூற்று அறிவியலுக்கு உடன்பாடே. பம்பு தருவது ஓட்டம். பேரிங்கின் இடுக்கு தரும் தடையே அழுத்தம். இடுக்கு அகன்றால் பம்பு என்ன செய்யும்?

இறுதியாகக் களச்சோதனை. இரண்டேகால் லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குக் கையேடு கூறும் இலக்கணம்: எஞ்சின் சூடான நிலையில், டாப் கியரில், மணிக்கு 30 மைல் வேகத்தில், சதுர அங்குலத்துக்கு 35 முதல் 65 பவுண்டு. வண்டி பெர்ணம் ஆற்றுப் பாலம் தாண்டிச் சிலாங்கூருக்குள் நுழைந்தது. எஞ்சின் சூடு, டாப் கியர், முள் 40இல் அசையாமல் நின்றது. வேகம் மட்டும் தெரியவில்லை. வேகமானியின் கேபிள் அறுந்து பல காலம் ஆகிறது என்றும், அதனால் ஒரு குறையும் இல்லை என்றும் வண்டிக்காரர் விளக்கினார்.