நீல வெளிச்சக்காரர்

சிங்கப்பூரில் இரவு எட்டு மணிக்கு ஒரு வீவக அடுக்குமாடி புளோக்கை எதிரே நின்று பாருங்கள். வெள்ளையும் மஞ்சளுமாய் எரியும் ஜன்னல்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கத்தரிப்பூ நீலத்தில் ஒளிரும். கரவோக்கே நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே ஒருவர் பவளம் வளர்க்கிறார். சரியாகச் சொன்னால் வெளிச்சம் வளர்க்கிறார். பவளம் அதற்கு ஒரு சாக்கு.

அந்த வீட்டுக்குப் போனால் குடிக்கத் தண்ணீர் வருவதற்கு முன்னால் கையில் ஆரஞ்சுக் கண்ணாடி வரும். "போட்டுக்கிட்டுப் பாருங்க" என்பார். போட்டதும் தொட்டிக்குள் எல்லாம் பச்சையும் செம்மஞ்சளுமாய்த் தகதகக்கும். "மீன் அழகா இருக்கு, அங்கிள்" என்று ஏதாவது பிள்ளை சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். "மீனை விடுப்பா, 450 நானோமீட்டரைப் பாரு."

தகதகப்பு மோசடி இல்லை. பவளத்தின் சதையில் உள்ள சில புரதங்கள் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பிக் கொடுக்கின்றன. ஜெல்லி மீனில் கண்டெடுத்த பச்சைப் புரதத்துக்காக 2008இல் வேதியியல் நோபல் பரிசே கொடுத்தார்கள். கரண்ட் பில் வரும் நாளில் இவர் தவறாமல் அந்தப் பரிசை எடுத்துச் சொல்வார். "உங்களுக்கா குடுத்தாங்க?" என்று மனைவி கேட்பதும் தவறாது.

கடையில் பவளம் வாங்கும்போதுதான் இவரைப் பார்க்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் பட்டுச்சேலை எடுக்கப் போகும் இவர் மனைவி, கடைக்காரர் என்ன சத்தியம் பண்ணினாலும் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் பணம் கொடுக்கமாட்டார். இவரோ கருநீல விளக்கின் கீழ் விரல்நுனி அளவுத் துண்டு ஒன்று மின்னியதுமே பர்ஸைத் திறந்துவிடுவார். "வெள்ளை லைட்டை ஒரு தடவை போடுங்க" என்று கேட்க நாக்கு எழாது. மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் துண்டு பழுப்பாக இருக்கும். அக்ரோபோரா பவளத்தில் 'ஹோம்ரெக்கர்', அதாவது குடிகெடுப்பான், என்ற பெயரிலேயே ஒரு வகை விற்கிறது. இவரிடமும் இருக்கிறது. வீட்டில் பெயரையும் சொன்னதில்லை, விலையையும் சொன்னதில்லை.

அந்தப் பழுப்புக்குக் காரணம் பவளத்துக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசி. வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை செய்து பவளத்துக்குச் சோறு போடுவது அதுதான். வெளிச்சம் குறைந்தால் பாசி நிறமியைக் கூட்டிக்கொள்ளும், பவளம் பழுப்பேறும். வெளிச்சம் திடீரென்று கூடினால் பவளம் பாசியையே வெளியே தள்ளி வெளுத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ வண்ணம் இருக்கிறது. அந்த இடத்தைத் தேடித்தான் இவர் போனஸ் எல்லாம் போகிறது.

முதலில் 400 வாட் மெட்டல் ஹாலைடு. பவளம் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் ஊர் வெக்கையோடு விளக்கின் சூடும் சேர்ந்து தண்ணீர் 30 டிகிரியைத் தாண்ட, சில்லர் வாங்கினார். சில்லர் தண்ணீரின் சூட்டை எடுத்துக் கூடத்தில் கக்க, கூடத்துக்கு ஏர்கான் வந்தது. அடுத்து டி5 குழல். வெளிச்சம் நிழல் விழாமல் பரவியது. ஆனால் மணலில் நெளியும் அந்த ஒளிவலை அதில் கிடையாது. "அலை அடிக்காத கடலா?" என்று அதையும் கழற்றினார். பிறகு எல்இடி. மின்சாரம் மிச்சமாகும் என்றுதான் வாங்கினார்; மிச்சமானதைக் கொண்டு இன்னும் இரண்டு எல்இடி மாட்டினார்.

6500 கெல்வினில் வளர்ச்சி, 20,000இல் வண்ணம் என்பது மெட்டல் ஹாலைடு காலத்து வேதம். அந்த விளக்குகளை ஒவ்வொன்றாக அளந்து நிறமாலையை வெளியிட்டவர் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தொழிற்பொறியியல் பேராசிரியர் சஞ்சய் ஜோஷி. இவருக்கு அவர் குலதெய்வம். ஆகவே இவரும் ஒரு பார் மீட்டர் வைத்திருக்கிறார். பாசிக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை அது எண்ணிச் சொல்லும். மேல்பாறையில் 350, நடுவில் 200, மணலில் 90 என்று எழுதிய தாள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, பிள்ளையின் பரீட்சை அட்டவணைக்கு மேலே. பழைய மீட்டர் நீலத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்ததும் ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. புது மீட்டர் வந்த பிறகுதான் இறங்கியது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கை சும்மா இருக்காது என்பதுதான் வியாதி. விளக்கை ஐந்து சதவீதம் கூட்டினால் இரண்டு மூன்று வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். பவளம் அத்தனை மெதுவாகத்தான் பதில் சொல்லும். இவர் கைபேசியிலோ வெள்ளை, நீலம், ராயல் நீலம், ஊதா, புற ஊதா, பச்சை, சிவப்பு என்று ஏழு பட்டைகள். ஆபீஸ் விட்டு எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்ததும் விரல் அதில்தான் இருக்கும். வீட்டில் தொட்டி திடீரென்று ஊதாவிலிருந்து வெள்ளைக்குத் தாவும். "அம்மா, அப்பாவுக்கு உட்கார இடம் கிடைச்சிருச்சு" என்று மகள் சொல்வாள்.

இந்த விளையாட்டில் பவளம் பழுப்பானால் "இன்னும் பழகலை" என்பார். வெளிறினால் "பேஸ்டல் ஷேட், இதுக்குத்தான் காத்திருந்தேன்" என்பார். எலும்பே தெரியும் நாளில் மட்டும் தண்ணீரைக் குறை சொல்வார்.

சிங்கப்பூர்க் கடலிலேயே சுமார் 250 வகைக் கல்பவளம் உண்டு. கப்பல் போக்குவரத்தும் நிலமீட்பும் கலக்கிவிட்ட தண்ணீரில், வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் உருப்படியாக இறங்காத இடத்தில், அவை பாட்டுக்கு இருக்கின்றன. ஒருமுறை கடல்நீர் வற்றிய நேரத்தில் இவரையும் தீவுப் பக்கம் அழைத்துப்போனார்கள். எல்லாரும் குனிந்து வியந்து பார்த்தார்கள். இவர் ஒரு பழுப்புப் பவளத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நைட்ரேட் ஜாஸ்தி" என்றார்.

வீட்டில் உண்மையிலேயே தழைத்திருப்பது சமையலறை ஜன்னலோரக் கறிவேப்பிலைதான். இவர் கழித்துப்போட்ட டி5 சட்டத்தில் சாதாரண 6500 கெல்வின் குழல்களை மாட்டி மனைவி வளர்க்கிறார். அந்த மாடி முழுக்க ரசத்துக்கு இங்கிருந்துதான் இணுக்குப் போகிறது. போன வாரம் இவர் மெதுவாக பார் மீட்டரை அதன் கொழுந்தருகே நீட்டினார். "கொஞ்சம் கம்மியா இருக்கே, ஒரு எல்இடி..." என்று ஆரம்பித்தார்.

"அதுமேல கை வச்சீங்க, நாளையிலேருந்து தாளிப்பே கிடையாது" என்றார் அவர், அடுப்பைப் பார்த்தபடியே.