ஓரறிவுக்கு ஊழியம்: வரவேற்பறைச் செடித்தொட்டியில் ஆறறிவுயிரின் நிலை குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

நூல் என்றால் முன்னால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் அதில் ஆக்கியோன், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டும் வேண்டும். மரபை மீறும் துணிவு நமக்கில்லை. ஆக்கியோன் பெயர் அடக்கம் கருதி விடப்படுகிறது. நுதலிய பொருள், வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் செடி வளர்த்தல். யாப்பு, ஐந்து கண்ணாடிப் பலகைகளும் சிலிக்கான் பசையும். பயன் போகப் போகத் தெரியும் என்று நம்புகிறோம். கேட்போர் தொடக்கத்தில் வீட்டிலேயே சிலர் இருந்தார்கள். ‘அமோனியா’ என்ற சொல் வந்ததும் கலைந்துவிட்டார்கள். இப்போது கேட்டுக்கொண்டிருப்பவை தொட்டிக்குள் இருப்பவை மட்டுமே. அவற்றுக்கு எழுந்து போக வழியில்லை.

எல்லையை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். வடக்கே டிவி ஸ்டாண்டு, தெற்கே செருப்பு அலமாரி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமே நம் களம். கொள்ளளவு சுமார் 56 லிட்டர். கல், மண், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் எடை 70 கிலோவைத் தாண்டும். இதன் சமூகவியல் விளைவு கவனிக்கத்தக்கது: தொட்டி வைத்த இடத்தை விட்டு நகராது, நகர வேண்டியவை மற்றவை. ஆய்வுக்கு உட்பட்ட வீடுகளில் சோபா நகர்ந்திருக்கிறது; மாலை போட்ட கொள்ளுத்தாத்தா படம் நகர்ந்திருக்கிறது; ஒரு வீட்டில் உயிரோடிருக்கும் தாத்தாவே உள்ளறைக்கு நகர்ந்திருக்கிறார். பிளக் பாயிண்ட் அவர் கட்டிலுக்குப் பின்னால் இருந்ததுதான் காரணம்.

கருதுகோள்

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொட்டால் தெரியும் அறிவு ஒன்றே. நத்தை இனத்துக்கு இரண்டு. கறையானும் எறும்பும் மூன்று, நண்டும் தும்பியும் நான்கு என்று ஏறி மனிதன் ஆறில் வந்து உட்கார்கிறான். மீன் பெயர் சொல்லி எந்தப் படியிலும் ஏற்றப்படவில்லை. ‘பிறவும் உண்டு’ என்ற திண்ணையில் அது காத்திருக்கிறது.

மேற்படியில் இருப்பது கீழ்ப்படியில் இருப்பதை ஆளும் என்பது உலக வழக்கு. செடித்தொட்டியில் இந்த வழக்கு தலைகீழாகிறது. அங்கே ஓரறிவுயிர் முதலாளி, ஆறறிவுயிர் சம்பளமில்லாத வேலையாள் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். மறுப்போர் தத்தம் வீட்டில் ஒரு தொட்டி வைத்துப் பார்த்துவிட்டு வரலாம்.

முன்னோர்

இத்துறைக்கு முதல்நூல் தந்தவர் இலண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். ஒரு பெரிய கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நாடாப்புல்லையும் வைத்து அவர் நடத்திய சோதனை 1850இல் வெளியானது. செடி ஆக்சிஜன் கொடுக்கும், மீன் மூச்சுவிடும், கணக்கு நேராகும் என்பது அவர் எண்ணம். நேராகவில்லை. பழுத்த இலைகள் அழுகின, தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சை படிந்தது. பிறகு குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அழுகலை நத்தை தின்றது, நத்தையின் முட்டையை மீன் தின்றது, கணக்கு நேரானது. இந்த முத்தரப்பு ஒப்பந்தத்தில் வாரிங்டனுக்கு வாய்த்த பங்கு என்ன என்று பார்த்தால், நத்தை பொறுக்கியதுதான். நம் கருதுகோளுக்கு முதல் சான்று.

1853இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலை பொதுமக்களுக்கு மீன் இல்லம் திறந்தது. 1854இல் ஃபிலிப் ஹென்றி காஸ் ‘தி அக்வேரியம்’ என்ற நூலை எழுதினார். அதன்பின் பிரிட்டிஷ் வரவேற்பறைகளின் தரைவிரிப்புகள் ஈரமாகத் தொடங்கின.

சென்னையில் இந்த மரபின் குருகுலம் நெடுங்காலம் மூர் மார்க்கெட். பழைய புத்தகமும் கூண்டுப் பறவையும் கண்ணாடி ஜாடி மீனும் ஒரே கூரையின்கீழ் விற்ற அந்தக் கட்டடம் 1985இல் தீக்கிரையானது. இன்றைய குருகுலம் கொளத்தூர். பாலிதீன் பையை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, கப்பியின் வாலைப் பரிசோதிக்கும் பெரியமனிதர்களை அங்கே காணலாம். “எது சார் சாவாது?” என்று மாணாக்கர் கேட்பர். “அனுபியாஸ் வெச்சுக்கோங்க” என்று ஆசிரியர் விடையிறுப்பர். குருகுலக் கல்வி பெரும்பாலும் அத்துடன் முடிகிறது.

முதலாளியின் நடத்தை

அனுபியாஸ் ஆப்பிரிக்கச் செடி. சாகாது, ஆனால் வளர்வதாகவும் காட்டிக்கொள்ளாது. அதன் கிழங்குத் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும் என்பதால் கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டவேண்டும், அல்லது ஃபெவிக்விக் போட்டு ஒட்டவேண்டும். செடியை மண்ணில் நடக்கூடாது, பசை போட்டு ஒட்டவேண்டும் என்ற செய்தியை விவசாயக் குடும்பத்தில் பிறந்த மாமனாரிடம் சொல்லிப் புரியவைத்தவர் யாரும் இந்த ஆய்வில் அகப்படவில்லை.

கிரிப்டோகோரைன் இன்னும் கண்டிப்பானது. அதில் ‘வெண்டி’ என்னும் வகையின் தாயகம் இலங்கை. இடம் மாற்றினால், தண்ணீர் மாறினால், சில சமயம் காரணமே சொல்லாமல், எல்லா இலைகளையும் கூழாக்கிக் கரைத்துவிடும். ‘மெல்ட் ஆகிடுச்சு’ என்று தொட்டியுடையோர் இதைத் தாழ்ந்த குரலில் சொல்வர். வேர் உயிரோடுதான் இருக்கும். வாரங்கள் கழித்துப் புதுத் தளிர் வரும். வேறு பல செடிகளும் இப்படித்தான். நர்சரியில் ஈரக்காற்றில் தலை வெளியே தெரிய வளர்ந்தவை தண்ணீருக்குள் போனதும் பழைய இலைகளை உதிர்த்து, நீருக்கென்றே மெல்லிய புது இலைகள் விடும். அந்த இடைக்காலத்தில் ஆறறிவுயிர் தூக்கம் கெட்டு, உரம் வாங்கி, விளக்கை மாற்றி, தொட்டிமுன் நின்று பெருமூச்சு விடுகிறது. செடியின் தரப்பில் அந்தக் காலத்துக்கான எந்தக் கவலையும் பதிவாகவில்லை.

மீன் இதற்குள் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது செடிக்குச் சாப்பாடு. காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் அமோனியாவின் நஞ்சு இன்னும் கூடும். இந்த பாக்டீரியாக்கள் வடிகட்டியிலும் மண்ணிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகலாம். ‘சைக்கிள் ஆகணும்’ என்பது இதற்குக் கலைச்சொல். இந்த வாரங்களில் விருந்தினர் வருவது நின்றால் நல்லது. நிற்பதில்லை.

“மீனு எங்கப்பா?”

“இன்னும் விடல பெரியப்பா. சைக்கிள் ஆகணும்.”

“தண்ணிய மட்டுமா வளக்குற?”

ஆய்வு நோக்கில் பெரியப்பாவின் கேள்வி மிகச் சரியானது. தண்ணீரைத்தான் வளர்க்கிறான்.

வெயிலுக்கும் தனி இயல் வேண்டும். மேலைநாட்டு நூல்கள் ஹீட்டருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குகின்றன. நமக்கு அது வேண்டாத செலவு. செடிக்கும் பெரும்பாலான மீனுக்கும் 24 முதல் 28 டிகிரி சுகம். கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டும்போது வீட்டின் டேபிள் ஃபேன் நீர்ப்பரப்பின் மேல் திருப்பப்படுகிறது. நீர் ஆவியாகி, மீதி குளிர்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். எனவே ஈடுசெய்ய ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றவேண்டும். இவ்வாறாக முதலாளி ஃபேன் காற்றில் ஆர்ஓ தண்ணீர் அருந்த, குடும்பம் கையில் விசிறியோடு அமர்ந்திருக்கும் காட்சி மே மாதத்தில் காணக்கிடைக்கிறது.

இரு கலை

செடித்தொட்டிச் சமயத்தில் இரு கலைகள் உண்டு. முதலாவதன் ஆசாரியர் ஜப்பானின் நீகாட்டாவில் 1954இல் பிறந்த தகாஷி அமானோ. சைக்கிள் பந்தய வீரராக இருந்து, புகைப்படக் கலைஞராகி, கண்ணாடிக்குள் காட்டையும் மலையையும் நிறுத்திக் காட்டியவர். லிஸ்பன் ஓஷனேரியத்தில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டி 2015இல் திறக்கப்பட்டது. அவர் மறைந்ததும் அதே ஆண்டில்தான். இந்தக் கலையார் பலத்த விளக்கு, சிலிண்டரில் கரியமிலவாயு, திரவ உரம், வாரந்தோறும் தண்ணீர் மாற்றம், கத்தரிக்கோல் என்று ஓயாத முயற்சியை வலியுறுத்துவர்.

இரண்டாவதன் ஆசாரியர் அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட். 1999இல் வந்த அவரது நூல், அடியில் சாதாரணத் தோட்டமண், மேலே சரளை, நிறையச் செடி, கொஞ்சம் மீன் என்று வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறது. மண்ணிலுள்ள மட்கு சிதைந்து கரியமிலவாயு தரும். மீன் கழிவு உரமாகும்.

வைணவம் அறிந்தோர்க்கு இது புதிதல்ல. முதலாமவர் வடகலை: குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றவேண்டும். இரண்டாமவர் தென்கலை: பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். இரு கலையாரும் ஒருவர் வீட்டுத் தொட்டியை மற்றவர் பார்க்கும்போது “நல்லாருக்கு” என்பார்கள். சொல்லும்போது கண் மட்டும் மூலையிலிருக்கும் பாசிமேல் நிற்கும்.

சிலிண்டர் வாங்க வசதியில்லாத வடகலையார்க்கு ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டு லிட்டர் பெட் பாட்டிலில் சர்க்கரை, வெதுவெதுப்பான நீர், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட். மூடியில் துளையிட்டு ஒரு குழாய். புளிக்கும்போது எழும் கரியமிலவாயு தொட்டிக்குப் போகும்; சாராயம் பாட்டிலிலேயே தங்கும். ரேஷன் சர்க்கரை எங்கே போகிறது, ஹாலில் ஏன் கள்ளுக்கடை வாசம் என்ற இரு கேள்விகளுக்கும் ஒரே விடை இருப்பது அறிவியலின் அழகு. ஆனால் அதை நம்பும் மனைவியர் அரிது.

கரியமிலவாயு லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் நின்று, வெளிச்சமும் உரமும் கூடிவந்தால் இலை நுனிகளிலிருந்து ஆக்சிஜன் முத்து முத்தாகக் கிளம்பும். ‘பேர்ளிங்’ என்று பரவசத்தோடு படம் எடுத்து அனுப்புகிறார்களே, அது வேறொன்றுமில்லை. பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரில்லாமேல் புனலையும் சோதனைக்குழாயையும் கவிழ்த்து வெயிலில் வைத்தோமே, அதேதான். அன்று அதற்கு மதிப்பெண் கொடுத்தார்கள்.

வகைப்பாட்டில் அடங்காதவை

பாசிக்கு எத்தனை அறிவு என்று எந்த உரையாசிரியரும் தீர்த்துச் சொன்னதாக நாம் அறியோம். எனினும் தொட்டியில் எந்தப் பிழை நடந்தாலும் அதை முதலில் அறிவது அதுதான். புதுத் தொட்டியில் பழுப்புத் தூளாக வரும். அது தானே போய்விடும். விளக்கு அதிக நேரம் எரிந்தால் நூலாக வரும். கரியமிலவாயு ஏறி இறங்கினால் இலை விளிம்பில் கருந்தாடியாக வரும். அதன் குடும்பப்பெயர் சிவப்புப் பாசி, நிறம் கறுப்பு. விளக்கை 6 முதல் 8 மணி நேரத்துக்குள் நிறுத்தவேண்டும் என்பதால் டைமர் வாங்கப்படுகிறது. டைமர் மாலையில் எரிந்து இரவில் அணைய, இந்த வீடுகளில் சாப்பாட்டு நேரம் மெல்லமெல்ல அதற்கு ஒத்துவரத் தொடங்கியிருப்பதைக் கண்டோம்.

பாசியைத் தின்னும் என்று ‘டேங்க் கிளீனர்’ மீனை வாங்கிப்போடுவோர் உண்டு. விரல் நீளத்தில் வரும் அது ஓரடிக்கு மேல் வளரும். ஓரடி அகலத் தொட்டியில் அது திரும்புவதற்கே இடம் போதாது. பிறகு ஏரியில் விடுவார்கள். தமிழகத்து நீர்நிலைகளில் வலை போடுபவர்கள் இன்று அதன் முள்தோலை அறுத்து வலையை மீட்கிற கதைக்கு ஆதி இதுவே. இதில் மட்டும் ஆய்வாளருக்கு நடுநிலை கிடையாது: விடாதீர்கள்.

நத்தையை யாரும் வாங்குவதில்லை, அது வருகிறது. இலையின் அடியில் ஒட்டிய ஒரு சொட்டுக் கூழில் முட்டைகளாக வருகிறது. குளத்து நத்தைகள் பலவும் இருபாலி என்பதால் பல்கிப் பெருக ஒன்றே போதும். செடியைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் குறையும் என்பர். வாசலில் திருஷ்டிக்குக் கட்டிய படிகாரக் கட்டி திடீரெனக் காணாமல் போகும் வீடுகளில் இந்த முறை பின்பற்றப்படுகிறது என்று கொள்க.

பரவல்

கருதுகோளின் இறுதிச் சான்றுக்கு வருவோம். தண்டுச் செடிகளை வெட்டினால் வெட்டிய இடத்தில் இரண்டு கிளை விடும். வெட்டிய நுனியை ஊன்றினால் அதுவும் வேர் விடும். இவற்றுள் புகழ்பெற்ற ரோட்டலா இனத்தார் நம் நெல்வயல்களில் களையாகப் பிடுங்கி வரப்பில் எறியப்படுபவர்கள். அவர்களே சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் பெயர்ச்சீட்டோடு வந்தால் விலை கொடுத்து வாங்கி, இடுக்கியால் ஒவ்வொன்றாக நடுகிறோம். ஹைட்ரில்லா இன்னும் தூரம் போயிருக்கிறது. 1950களில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வியாபாரத்தின் வழியே அமெரிக்கா சேர்ந்து, ஃப்ளோரிடாவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் இறங்கிவிட்டது. காலும் இறகும் இல்லாத ஓரறிவுயிர் கடல் கடந்தது எப்படி என்றால், ஆறறிவுயிர் சுமந்துகொண்டு போனது.

சிறிய அளவில் இதே செயல் அடுக்குமாடிகளில் ஞாயிறு தோறும் நடக்கிறது. வெட்டிய செடிகளைக் குப்பையில் போட மனம் வராமல், ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டு, தொட்டியுடையான் படியேறுகிறான். கதவு திறக்கிறது. எதிரிலிருப்பவர் பையை வாங்கி உள்ளே பார்க்கிறார். இலையடியில் இருக்கும் கூழ்ச்சொட்டு அவர் கண்ணில் படவில்லை.

“அழகா இருக்கே சார். ரொம்ப வேலை வைக்குமா?”

“ஒரு வேலையும் இல்ல சார். அதுபாட்டுக்கு வளரும்.”