இரக்கத்தின் இடுப்பளவு

உமாதேவி என்றொரு பாடகி. 1947-ல் 'தர்த்' படத்தில் நௌஷாத் இசையில் அவர் பாடியதைக் கேட்டு பம்பாயே உருகியது. திரையில் வாயசைத்தவர் முனவ்வர் சுல்தானா. மூன்றே வருடத்தில், 'பாபுல்' படத்தில், அதே உமாதேவி 'டுன் டுன்' என்ற பெயரில் திரையில் வந்தார். அரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. குரல் மட்டும் கேட்டவரை சோகம். ஆள் தெரிந்ததும் காமெடி. பிறகு வடக்கே குண்டான பெண்களுக்கெல்லாம் 'டுன் டுன்' என்பதே பட்டப்பெயர்.

செம்பூர் ஆர்.கே. ஸ்டுடியோ முதலாளி ராஜ் கபூரும் தப்பவில்லை. 'ஸ்ரீ 420' (1955) ஏழைக்காக உருகிய கூட்டம், சதை போட்ட 'மேரா நாம் ஜோக்கர்' (1970) அழுதபோது எழுந்து போனது. படம் நான்கு மணி நேரம் என்பதும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ் ரசிகர்கள் நாம் மட்டும் சளைத்தவர்களா? நம் குண்டு காமெடி நடிகர்கள் உசிலைமணிக்கும் பிந்து கோஷுக்கும் அழுகைக் காட்சி எத்தனை கிடைத்தது? 'நாயகன்' (1987) படத்தில் தாராவி தாதாவின் கொலைகளை மன்னித்தோம். தொப்பையை மன்னித்திருப்போமா என்பது சந்தேகமே.

பம்பாய் மாட்டுங்காவில் ஒரு மாமா, நெய் ரோஸ்ட்டின் கடைசி விள்ளலைச் சட்னியில் புரட்டிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: "ஹீரோயின் கொஞ்சம் வெயிட் போட்டுட்டா. பாவமாவே தோணலை." சொல்லிவிட்டு, இன்னொரு ரோஸ்ட்டுக்குக் கை காட்டினார்.

கதை எழுதுகிறவர்களே, அடுத்த கதையில் ஒரு குண்டுப் பெண்ணை நாற்காலி உடையாமல் உட்கார வையுங்கள். முடிந்தால், அழவும் விடுங்கள்.