இரண்டோடு நிறுத்தலாம்

சொந்த லேப்டாப்பைத் தானே பிரித்துப் பாகம் மாற்றுகிறவர்கள் வீட்டில் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பணம் மிச்சம். கணக்கு கம்பீரமாகவே தொடங்கும். புது லேப்டாப் 50,000 ரூபாய், எஸ்.எஸ்.டி. 5,000 ரூபாய், ஆக 45,000 லாபம். அந்த லாபத்தை நம்பி ஐம்பது முனைகள் கொண்ட திருப்புளி செட் ஒன்று வந்து சேரும். அதில் வேலைக்கு ஆகப்போவது இரண்டு முனை. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப்போட மனசு வராது, அதற்கொரு யூ.எஸ்.பி. கேஸ். தெர்மல் பேஸ்ட் வாங்கினால் பிராசசருக்குப் போவது ஒரு துளி, மிச்ச டியூப் வாரிசுகளுக்கு. இதற்குள் பேட்டரியும் பழசாகத் தெரிய ஆரம்பித்திருக்கும். பில்களை எல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் சிக்கனம் என்ற வாதம் எழுந்து நிற்காது. அதற்காக வேலையே வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. பழைய லேப்டாப்பில் செய்யும் முதல் மாற்றம் சுத்தமான இயற்பியல், இரண்டாவது பட்டிமன்றத்துக்குரியது, மூன்றாவதிலிருந்து பக்தி. பக்தி தாராளமாக இருக்கட்டும், சிக்கனம் என்ற தலைப்பில் அதை வரவு வைக்காமல் இருந்தால் சரி.

முதல் மாற்றம் என்பது ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது. பழைய லேப்டாப்புகளில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் ரகம். அதாவது வினாடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. வேண்டிய தகவல் வாசிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்தத் தலை சரியான தடத்துக்கு நகர்ந்தாக வேண்டும், அதற்குப் பத்து பன்னிரண்டு மில்லி வினாடி. கூட்டிப் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகளை வினாடிக்கு அறுபது எழுபதுக்கு மேல் அதனால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் கண் விழிக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். ஒரே ஒரு கிளார்க் இருக்கும் தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு ரூமுக்கு ஊர் மொத்தமும் ஒரே காலையில் நகல் கேட்டுப் போனால் என்ன ஆகுமோ, உள்ளே நடப்பது அதுதான். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் கிடையாது, நகர்வதும் கிடையாது; ஒரு துண்டை எடுக்க ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இது கண்ணுக்கே தெரியும். பிராசசர் 8 சதவீதத்தில் கால் நீட்டிப் படுத்திருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் மூச்சு வாங்கினால் நோய் எது என்று தெரிந்துவிட்டது. நம் ஆர்வலர்களில் பலர் மருந்தை ஆர்டர் போட்டுவிட்டுத்தான் நோயைத் தேடுகிறார்கள்.

முதல் வெற்றியில்தான் ஆபத்து தொடங்குகிறது. ஒரு எஸ்.எஸ்.டி.க்கே இவ்வளவு என்றால், வினாடிக்கு 550 எம்.பி. வாசிக்கும் சாட்டா ரகத்துக்குப் பதில் 3,500 எம்.பி. வாசிக்கும் என்.வி.எம்.இ. போட்டால் எப்படியிருக்கும் என்று மனம் ஏங்கும். இந்த ஏக்கத்துக்கான பதில் ஜீன் ஆம்டால் என்ற கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் 1967இல் வைத்த வாதத்தில் இருக்கிறது. ஒரு வேலையின் ஒரு பகுதியை எத்தனை மடங்கு வேகமாக்கினாலும், அந்தப் பகுதி முன்பு எடுத்துக்கொண்ட நேரத்துக்கு மேல் மிச்சம் பிடிக்க முடியாது. லேப்டாப் எழுந்திருக்க 60 வினாடி ஆகிறது, அதில் 50 வினாடி டிஸ்க்குக்காகக் காத்திருப்பு என்று வைத்துக்கொள்வோம். எஸ்.எஸ்.டி. அந்த 50ஐ 5 ஆக்கினால் மொத்தம் 15. மிச்சம் 45 வினாடி. அடுத்து இன்னும் வேகமான டிஸ்க் அந்த 5ஐ 1 ஆக்கினால் மொத்தம் 11. மிச்சம் 4 வினாடி. நடைமுறையில் அந்த நாலும் வராது. பெட்டியில் அச்சடித்த 3,500 என்பது பெரிய ஃபைல் ஒன்றை நீட்டாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம். சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளில் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். தினமும் சினிமா எடிட் செய்கிறவருக்கு அது தேவை. வேர்டில் விண்ணப்பம் அடிக்கிறவருக்கு அந்தக் காசில் ஒரு நல்ல நாற்காலி கிடைக்கும்.

ரேம் விஷயத்தில்தான் பட்டிமன்றம். 4 ஜி.பி.யை 8 ஆக்கினால் யாரும் மறுக்க முடியாத நிம்மதி. 8ஐ 16 ஆக்குவது பிரவுசரில் எத்தனை டேப் திறந்து வைக்கிறோம் என்ற சுயபரிசோதனையைப் பொறுத்தது. 16ஐ 32 ஆக்குவது, பெரும்பாலோருக்கு, காலி அறைக்கு இன்னொரு அறை கட்டுவது. ரேம் நிரம்பினால் கம்ப்யூட்டர் மிச்சத்தை டிஸ்க்கில் இறக்கி வைக்கும். நிரம்பாத வரை கூடுதல் ரேம் சும்மா கரண்ட் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒற்றை ரேமுக்குத் துணையாக அதே அளவில் இன்னொன்றைப் போட்டால் தகவல் இரண்டு தடத்தில் ஓடும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கேம் ஆடுகிறவர்கள் அதை உணர்வார்கள். மாட்டுவதும் சுலபம். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும். பக்கவாட்டுக் கிளிப் இரண்டையும் வெளிப்பக்கம் விலக்கினால் பழைய ரேம் தானே சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில், தங்க நிறப் பல் வரிசை மறையும்வரை தள்ளி, கீழே அழுத்தினால் ‘டக்’. பல் வரிசை உள்ளே போகவே மறுத்தால் குறை பலத்தில் இல்லை, பெரும்பாலும் வாங்கிய ரகத்தில். டி.டி.ஆர்.3க்கு 204 பின், 4க்கு 260, 5க்கு 262. வெட்டு விழும் இடமும் வேறு. பலத்தால் தலைமுறை இடைவெளியைக் கடக்க முடியாது.

இதற்கு அப்புறம் வருவதெல்லாம் பக்தி மார்க்கம். வைஃபை கார்டை மாற்றலாம். சில பழைய மாடல்களின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் எழுந்திருக்கவே மறுத்துவிடும். பிராசசரை மாற்றலாம் என்ற கனவு, இன்டெல்லின் 4ஆம் தலைமுறைக்குப் பிறகு சாதாரண லேப்டாப்புகளில் முடிந்துபோன கதை, எல்லாம் போர்டிலேயே பற்றவைத்துத்தான் வருகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை ஊறும். ஸ்க்ரூக்களைக் கழற்றி, பழைய ஏ.டி.எம். கார்டை மூடியின் விளிம்பில் செருகி நகர்த்தும்போது கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடுபடும் சத்தத்தில், உடைந்தது எது, விடுபட்டது எது என்று பிரித்தறிய முடியாது. முடிவில் ஒரு ஸ்க்ரூ மிச்சமாகும். கம்பெனிக்காரன் அதிகமாகப் போட்டுவிட்டான் என்பார்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் கொடுத்தால் அரை மணியில் மாட்டித் தருவார்களே, நமக்கேன் இந்த வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே இருப்பவர் கை நம் கையைவிடச் சுத்தம். ஆனால் அவரிடம் நாம் கேட்பது மாட்டித் தருவதை; நோயைக் கண்டுபிடிப்பது அவருக்குக் கொடுத்த வேலை இல்லை, அதற்குக் கூலியும் நாம் தருவதில்லை. டாஸ்க் மேனேஜரை நாமே பார்த்துவிட்டுப் போனால் யார் மாட்டினால் என்ன? வாரன்டி போய்விடுமே என்பது அடுத்த பயம். டெல், லெனோவோ, எச்.பி. மூன்றுமே பல மாடல்களுக்கு, எந்த ஸ்க்ரூ எங்கே என்ற படத்தோடு, பிரித்து மாட்டும் கையேட்டை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. எதைத் தொடலாம், எதைத் தொட்டால் வாரன்டி போகும் என்பதைத் தொடுவதற்கு முன் படித்தால் தீர்ந்தது. கையில் இருக்கும் நிலைமின்சாரம் சிப்பைச் சுட்டுவிடும் என்பதும் கட்டுக்கதை இல்லை. நம் தோலுக்கு உறைக்கச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும், சிப்புக்கு நூறுகூட அதிகம். வறண்ட காற்றில்தான் அது அதிகம் சேரும். ஏ.சி. இல்லாத சென்னை வீட்டில், மே மாதத்தில் பயப்பட வேண்டியது போர்டில் சொட்டும் வியர்வைக்கு.

கனமான ஆட்சேபம் வேறொன்று: இந்தக் கலைக்கே இடம் சுருங்கி வருகிறது என்பது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசர். ரேமைக் கூட்டலாம், டிஸ்க்கை மாற்றலாம், பிறந்த வருஷத்தை மாற்ற முடியாது. லினக்ஸ் போடலாம், வீட்டில் டாலியில் கணக்குப் பார்க்கிறவர் சம்மதித்தால். மெல்லிய மாடல்களில் ரேமையும் பற்றவைத்துவிடுகிறார்கள். இதை முழுக்கச் சதி என்று சொல்ல மாட்டேன்: குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்.பி.டி.டி.ஆர். ரகம், பிராசசரை ஒட்டிக் கிட்டத்தில் இருந்தால்தான் அந்த வேகத்தில் ஒழுங்காக ஓடும். கழற்றக்கூடிய வடிவில் அதையே தரும் கேம்2 என்ற தரம் 2023 டிசம்பரில் வெளியானது, கடைகளில் அது அபூர்வம். எல்லாப் பாகத்தையும் வாங்கியவரே மாற்றலாம் என்று 2021இல் ஃப்ரேம்வொர்க் கொண்டுவந்த லேப்டாப்பும் சந்தையில் ஓரமாகத்தான் நிற்கிறது. ஆகவே திருப்புளியை எடுக்க வேண்டிய நேரம் மூன்று வருஷம் கழித்து இல்லை, வாங்கும் அன்றைக்கே கவுன்டரில். “தம்பி, இதுல ரேம் ஸ்லாட் தனியா இருக்கா, போர்டுலயே பத்தவெச்சிருக்கா?” என்று கேட்க வேண்டும். “சார், பேக் ஃப்ரீ சார்” என்று பதில் வரும். மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து கையேட்டில் பார்த்துக்கொள்வது உத்தமம்.