கொலஸ்ட்ரால் மாத்திரைக்குத் துணை வேண்டுமா?

கேள்வி: கொலஸ்ட்ரால் மாத்திரையோடு ‘கோ-கியூ10’ வாங்கச் சொல்கிறார்கள். அவசியமா? (வாசகர், தங்காக்)

பதில்: யுபிகுவினோன் என்னும் இதை 1957-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடெரிக் கிரேன் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்தார். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவுக்குள் எலக்ட்ரான்களைத் தூக்கிச் செல்வது இதன் வேலை. அது நின்றால் உங்களூர்ப் பக்கத்து லேடாங் மலை என்ன, ஊருக்குள் இருக்கும் ஜவுளிக்கடைப் படிகூட ஏற முடியாது! நல்லவேளை, உடம்பே இதைத் தயாரித்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் உருவாகும் அதே பாதையில்தான் இதுவும் பிறக்கிறது. கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டேட்டின் மாத்திரை இரண்டையுமே குறைப்பது அதனால்தான். ஆனால், கோ-கியூ10-ஐ விழுங்கினால் ஸ்டேட்டினால் சிலருக்கு வரும் தசைவலி தீரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கவனம்: அம்மருந்தின் வீரியத்தை இது குறைக்கக்கூடும். மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். ஸ்டேட்டினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.