ஆற அமரச் சைக்கிள் மிதித்தல்: ஓர் ஆய்வு

முதலில் வரையறை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டிய மினிட்மேன் சைக்கிள் பாதையில் முந்துகிறவர், ‘உங்கள் இடப்பக்கம் வருகிறேன்’ என்று குரல் கொடுத்துவிட்டுக் கடப்பது மரபு. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்து, தாம் ஒருமுறையும் கொடுக்காதவர் எவரோ, அவரே ஆற அமர மிதிப்பவர் என்க. மற்றவர்கள் உடற்பயிற்சி செய்கிறவர்கள். இந்த ஆய்வுக்கு அவர்கள் புறம்பானவர்கள்.

அடுத்து, பொழுது. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது தமிழ் மரபு. அந்த மாதங்களில் சென்னையில் சைக்கிளை எடுத்தால் கத்திரி வெயில் ஆளை வறுத்துவிடும். பாஸ்டன் பக்கமோ, ஏப்ரல் நடுவில் ஃபோர்சித்தியாப் புதர்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். மே மாதம் லைலாக் மணக்கும். நம் இளவேனில் மாசசூசெட்ஸில்தான் சட்டப்படி நடக்கிறது என்பது ஆய்வின் முதல் முடிபு.

பாதையின் நீளம் ஏறத்தாழ 16 கி.மீ. கேம்பிரிட்ஜில் ஏல்வைஃப் மெட்ரோ நிலையத்தருகே தொடங்கி, ஆர்லிங்டன், லெக்சிங்டன் வழியாக பெட்ஃபோர்டில் முடிகிறது. ஏல்வைஃப் என்பது ஒரு மீன். வசந்தத்தில் கடலை விட்டு, ஓடைகளில் எதிர்நீச்சலடித்து முட்டையிட வரும். சைக்கிள்காரருக்கு அந்தச் சிரமமும் இல்லை. 1846-இல் லெக்சிங்டன் வரை ரயில் விட்ட தடம் இது. செங்குத்தான மேட்டில் ரயில் ஏறாது. ஆகவே தடத்தைச் சாய்வு தெரியாமல் இழுத்துப் போட்டார்கள். 1977-இல் பயணிகள் ரயில் நின்றது. 1990-களின் தொடக்கத்தில் தண்டவாளம் இருந்த இடம் சைக்கிள் பாதையானது. சோம்பேறிகளின் முழங்காலுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டே பாடுபட்டிருக்கிறது!

ஆர்லிங்டனில் ஸ்பை பாண்ட் என்ற குளத்தைக் கண்டதும் ஆய்வாளர் இறங்கிவிட்டார். மூச்சு வாங்கியதால் அல்ல, ஆராய்ச்சிக்காக. ஒரு காலத்தில் இங்கே குளிர்காலத்தில் பனிக்கட்டியை அறுத்து விற்றார்கள். பாஸ்டன் வட்டாரக் குளங்களின் பனிக்கட்டி, ஃபிரடெரிக் டூடர் என்ற வணிகரின் கப்பல்களில், மரத்தூளைப் போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் பயணம் செய்து மதராஸ் வந்து சேர்ந்தது. அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். உருகக்கூடிய சரக்கே அவசரப்படாமல் போயிருக்கிறது.

அவசரப்பட்டவர் கதையும் இதே வட்டாரத்தில் உண்டு. 1775 ஏப்ரல் 18 இரவு, ‘பிரிட்டிஷ் படை வருகிறது’ என்று எச்சரிக்க, வெள்ளி வேலை செய்யும் பால் ரெவியர் இரவல் குதிரையில் பாய்ந்தார். நள்ளிரவு வாக்கில் லெக்சிங்டனை எட்டினார். அங்கிருந்து கான்கார்டுக்குப் போகும் வழியில் பிரிட்டிஷ் ரோந்துப் படையிடம் சிக்கினார், குதிரையையும் பறித்துக்கொண்டார்கள். லெக்சிங்டனுக்கு நடந்தே திரும்பினார்.

நிமிடத்தில் ஆயத்தமாகும் வீரர்கள் என்பதால் அன்றைய குடிப்படையினருக்கு மினிட்மேன் என்று பெயர். அவர்கள் பேரில் அமைந்த பாதைக்குக் கிளம்ப, டயருக்குக் காற்றடிக்கவே ஆய்வாளருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. லெக்சிங்டனை அடைய மூன்று மணி நேரம். அதில் ஒன்று காபிக் கடையில். ஆனால் யாரிடமும் சிக்கவில்லை, வண்டியும் பறிபோகவில்லை. பெட்ஃபோர்டு வரை போய்ச் சேர்ந்தார்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: திரும்பும்போது லெக்சிங்டனைத் தாண்டிவிட்டால் கேம்பிரிட்ஜ் வரை பெரும்பாலும் இறக்கம்தான்.