பூஜ்ய யூனிட் விருது

உலகத்திலேயே மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஆய்வகம் எது? மாநாட்டு மேடைகளில் இந்தக் கேள்விக்கு இரண்டு மூன்று படங்கள் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று, கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் கிரெய்க் வென்டர் ஆய்வு நிறுவனம் கட்டியது. ஆண்டு முழுக்கச் செலவாகும் மின்சாரத்தைச் சூரியத் தகடுகளாலேயே ஈடுகட்டும்படி வடிவமைத்த கட்டடம். இன்னொன்று, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்து மரக்கட்டடம். 2014இல் கட்டிக்கொண்டிருந்தபோதே தீப்பிடித்து எரிந்துபோனது. மறுபடி கட்டி 2017இல் திறந்தார்கள். படம் மாற மாற அரங்கத்தில் கைத்தட்டல்.

இந்த இரண்டையும் தோற்கடிக்கும் ஆய்வகம் நம்மூரில் இருக்கிறது. மாவட்டத் தலைநகர் ஒன்றில் நான் பார்த்த கல்லூரி அது. பெயர் எதற்கு? உங்கள் ஊர்க் கல்லூரியின் பெயரைப் போட்டுக்கொண்டாலும் அனேகமாகப் பொருந்தும். வேதியியல் துறையின் மூலையில், நச்சுக் காற்றை உறிஞ்சி வெளியேற்ற வேண்டிய ஃப்யூம் ஹூட் நிற்கிறது. மோட்டார் எரிந்துபோய் எத்தனை வருடம் என்று துறைத்தலைவருக்கே தெரியாது. உள்ளே காலி அமில பாட்டில்கள், உடைந்த பியூரெட்டுகள், கரையான் தொட்ட ரெக்கார்டு நோட்டுகள். கண்ணாடியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மட்டும் கலையாமல் இருக்கின்றன. மின்செலவு பூஜ்யம் யூனிட். சூரியத் தகடு வேண்டாம், சில்லர் என்னும் குளிரூட்டும் இயந்திரம் வேண்டாம், ஆலோசகர் வேண்டாம்.

ஆகவே இந்த ஆய்வகத்துக்குப் பிளாட்டினம் தரச்சான்று வழங்குமாறு அடுத்த மாநாட்டு விருதுக் குழுவுக்கு முறைப்படி முன்மொழிகிறேன். காற்றோட்டம்: முழுக்க இயற்கை முறை, இரண்டு ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. புரோமின் ஆவி வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஜன்னல், மற்றது மாணவர்களின் நுரையீரல். இரண்டுக்கும் மோட்டார் தேவையில்லை. வடிகட்டி: துப்பட்டா, கைக்குட்டை. எச்சரிக்கைக் கருவி: மூக்கு. உப்புப் பகுப்பாய்வுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைத் திறந்துவிட்டால் முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பிறகு அடிக்காது. வாயு போய்விட்டதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். போனது வாயு இல்லை, மோப்ப சக்தி. செறிவு கூடினால் அந்த வாயு மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். செலவில்லாமல் புகார்களை நிறுத்த இதைவிடச் சிறந்த தொழில்நுட்பம் எந்த மாநாட்டிலாவது உண்டா?

பக்கத்து அறையில் இன்னொரு ஹூட் இருந்தது. ஃபேன் போடச் சொல்லி மாணவன் ஒருவன் கேட்டதற்கு லேப் அட்டெண்டர் சொன்னார்: "போடலாம் தம்பி, சத்தம் வரும். காத்துதான் வராது." பெல்ட் நழுவிய மோட்டாரைப் பற்றி இவ்வளவு துல்லியமான தொழில்நுட்ப அறிக்கையை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. அவரை எந்தக் கருத்தரங்குக்கும் யாரும் கூப்பிட்டதுமில்லை.

கூப்பிடப்படுகிறவர்கள் வேறு. நட்சத்திர ஓட்டல், குத்துவிளக்கு, பொன்னாடை, 'நீடித்த ஆய்வக வடிவமைப்பில் நிபுணத்துவப் பகிர்வு' என்று பி.வி.சி. ஃப்ளெக்ஸில் அச்சடித்த தலைப்பு. சில்லர் விற்கும் கம்பெனி பிளாட்டினம் ஸ்பான்சர். ஆகவே சில்லரின் அவசியம் பற்றிய உரை காலையில், எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில். திட்ட மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்கும் ஆலோசகர் செலவைக் குறைப்பது பற்றிப் பேசுவார். செலவு குறைந்தால் கட்டணமும் குறையும் என்கிற கணக்கு அவருக்கு மட்டும் தெரியாது. பேராசிரியர்கள் கட்டுரை வாசித்துப் பதவி உயர்வுக்கான புள்ளிகளை எண்ணிக்கொண்டு கிளம்புவார்கள். நேரமின்மை காரணமாகக் கேள்வி நேரம் ரத்து.

அங்கே சொல்லப்படுவது பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அத்தனையும் உண்மை. கோபமே அதனால்தான்.

ஆய்வகம் ஒன்று அதே பரப்புள்ள அலுவலகத்தைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு வரை ஆற்றலைத் தின்னும் என்பது ஊரறிந்த கணக்கு. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் எரிசக்தித் துறையும் சேர்ந்து 1990களின் இறுதியிலேயே 'லேப்ஸ்21' என்று இதற்காகவே ஒரு திட்டம் தொடங்கி, ஆண்டுதோறும் மாநாடும் நடத்தின. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2005இல் ஒரு கட்டுரை எழுதினார்கள்: ஒரே ஒரு ஃப்யூம் ஹூட், அமெரிக்க வீடு ஒன்றைப் போல மூன்றரை மடங்கு ஆற்றலைச் செலவழிக்கிறது. இருபது ஆண்டுகளாக இதே வாக்கியம் எழுத்துரு மட்டும் மாறி மேடைமேடையாகச் சுற்றிவருகிறது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. ஹூட் என்பது காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் பெட்டி. ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் திறந்த வாய். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே போனால் மணிக்கு 1,350 கன மீட்டர். அவ்வளவும் குளிரூட்டிய காற்று. நச்சு கலந்திருக்கலாம் என்பதால் திரும்ப அறைக்குள் விட முடியாது. அதே அளவு வெளிக்காற்றைப் புதிதாக இழுத்துக் குளிர்விக்க வேண்டும். சென்னையில் 35 டிகிரி வெயிலும் கடல் ஈரமும் சேர்ந்த ஒரு பகலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய ஆறு டன் குளிரூட்டல். வீட்டில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி நான்கு, ஒரே ஒரு பெட்டிக்காக. கட்டடத்தில் நாற்பது ஹூட் இருந்தால் மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இதைவிட அழகான கொடுமை ஒன்று உண்டு. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அதைப் பிழிந்தெடுக்கக் காற்றை 13 டிகிரி வாக்கில் குளிர்விக்கிறார்கள். அது அப்படியே அறைக்குள் வந்தால் ஆராய்ச்சி மாணவருக்குப் பல் கிட்டிக்கும். அதனால் வழியில் ஒரு ஹீட்டர் வைத்துத் திரும்பச் சூடாக்குகிறார்கள். மே மாதம், அக்கினி நட்சத்திரம், சென்னை, ஹீட்டர்! வெளியே கொதிக்கிற வெப்பத்தைக் காசு கொடுத்து வெளியேற்றிவிட்டு, உள்ளே வெப்பத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். வெளியேற்றும் வெப்பத்தையே திருப்பிப் பயன்படுத்தும் குழாய்ச் சுருள்கள் பல பத்தாண்டுகளாகச் சந்தையில் இருக்கின்றன. டெண்டர் ஆவணத்தில் அந்த வரி இருக்கும். செலவைக் குறைக்கும் 'வேல்யூ இன்ஜினியரிங்' என்ற பெயரில் முதலில் அடிபடும் வரியும் அதுதான். முகப்புக் கண்ணாடியும் லாபி கிரானைட்டும் அடிபட்டதாகச் சரித்திரம் இல்லை.

சில்லரின் அளவு எப்படித் தீர்மானமாகிறது என்று கேட்டுப் பாருங்கள். கருவிகளின் முதுகில் எழுதியிருக்கும் வாட் அளவையெல்லாம் கூட்டுவார்கள். எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் ஓடுவதாகப் பாவனை. அதற்குமேல் பேராசிரியர் பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்ப்பார், வடிவமைப்பாளர் கொஞ்சம், ஆலோசகர் கொஞ்சம், கான்ட்ராக்டர் கொஞ்சம். கடைசியில் வந்து இறங்கும் இயந்திரம் வாழ்நாள் முழுக்கப் பாதிச் சுமைகூட இல்லாமல் முனகிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஓடும் ஓர் ஆய்வகத்தில் மீட்டர் வைத்து அளந்துவிட்டு அப்புறம் வாங்குங்கள் என்று லேப்ஸ்21 ஆட்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். அளப்பதில் யாருக்கும் கமிஷன் இல்லையே.

ஃப்ரீசர் கதை இன்னும் சுருக்கம். மைனஸ் 80 டிகிரியில் ஓடும் பழைய ஃப்ரீசர் ஒன்று நாளைக்கு இருபது யூனிட் சாதாரணமாக இழுக்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். அந்த நூறை இது ஐந்தாம் நாளே முடித்துவிடும். மைனஸ் 70க்கு மாற்றினால் ஏறக்குறைய 30 சதவீதம் மிச்சம், பெரும்பாலான மாதிரிகளுக்கு அதுவே போதும். செலவு, பொத்தானை அழுத்தும் ஒரு விரல். உள்ளே இருப்பது யாருடைய மாதிரி? பட்டம் வாங்கி வெளிநாடு போன யாரோ ஒருவருடையது. லேபிள் அழிந்துவிட்டது. அதைத் தூக்கிப்போடக் கையெழுத்துப் போட யாரும் தயாரில்லை. பனிக்கட்டிக்குள் அமரத்துவம் பெற்ற அந்தக் குழாய்களுக்காக அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது.

ஏன் அழுத்துவதில்லை அந்தப் பொத்தானை? மின்கட்டண பில் பேராசிரியரின் மேஜைக்கு வருவதே இல்லை. ஃப்ரீசர் வாங்குவது ஆராய்ச்சி நிதியின் கருவிகள் கணக்கில், கரண்ட் பில் கட்டுவது நிர்வாகத்தின் கணக்கில். துறைக்குத் தனி மீட்டர் கிடையாது. எந்த ஆய்வகம் எவ்வளவு இழுக்கிறது என்பது துணைவேந்தருக்கும் தெரியாது, மின்வாரியத்துக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படிக் குறைப்பது என்றுதான் ஆண்டுதோறும் நிபுணத்துவம் பகிர்ந்துகொள்கிறார்கள்.

மாநாட்டுப் பையில், ஹூட்டின் முன்கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் தருவார்கள்: 'கண்ணாடியை இறக்கிவிடுங்கள், ஆற்றலைச் சேமியுங்கள்.' ஹார்வர்டு பல்கலைக்கழகம் இதை மாணவர்களிடையே போட்டியாகவே நடத்திப் பலன் கண்டது. அங்கே கண்ணாடி இறங்கினால் காற்றின் அளவும் தானாகக் குறையும். ஃபேனின் வேகம் இறங்கும். காற்று இருபது சதவீதம் குறைந்தால் ஃபேன் தின்னும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். நம்மிடம் பெரும்பாலும் இருப்பது ஒரே வேகத்தில் ஓடும் பழைய ரகம். கண்ணாடியை இறக்கினாலும் ஏற்றினாலும் அது இழுப்பதையே இழுக்கும். இறக்கிவைப்பது மாணவருக்குப் பாதுகாப்பு, அதை மறுக்கவில்லை. சேமிப்பு மட்டும் ஒரு யூனிட்கூடக் கிடையாது. வேலை செய்யாத ஹூட்டிலும் அதே ஸ்டிக்கரை நேர்த்தியாக ஒட்டியிருக்கிறார்கள்.

ஒட்டியதற்குக் காரணம், கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் நாக் குழு வருகிறது. அதன் அளவுகோல்களில் பசுமைத் தணிக்கைக்கும் எரிசக்தித் தணிக்கைக்கும் மதிப்பெண் உண்டு. குழு வருவதற்கு முந்தைய வாரம் ஹூட்டுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். தணிக்கைக்காரர் டியூப்லைட்டை எண்ணுவார், எல்இடியாக மாற்றச் சொல்வார், மரக்கன்று நடச் சொல்வார், சான்றிதழ் தருவார். ஹூட்டின் வாயில் காற்று வேகத்தை அளந்தாரா? அதற்கான படிவத்தில் அந்தக் கட்டமே இல்லையாம்.

பிறகு வருகிறது சுற்றறிக்கை: மின்சிக்கனம் கருதி ஆய்வகங்களில் எக்ஸாஸ்ட் ஃபேன்களைத் தேவைப்படும்போது மட்டும் இயக்கவும். எப்போது தேவைப்படும் என்று முடிவு செய்பவர், அமிலத்தை முகராத அறையில் உட்கார்ந்திருப்பவர். அவர் அறையின் ஏசி எல்லாப் பருவத்திலும் தேவைப்படுகிறது.

அதே வேலையை, அதே பாதுகாப்போடு, குறைந்த ஆற்றலில் செய்வதற்குப் பெயர் சிக்கனம். வேலையையே நிறுத்திவிட்டு, அதன் நஞ்சைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் மார்பில் ஏற்றுவதற்குப் பெயர் திருட்டு. திருடப்படுவது அவர்களுடைய மூச்சு. ஒரு பக்கம் மே மாதத்தில் ஹீட்டர் ஓட்டும் கண்ணாடி மாளிகை. மறுபக்கம் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு பெல்ட் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்கும் அலுவலகம். இரண்டையும் ஒரே அரசுதான் நடத்துகிறது, ஒரே வரிப்பணம்தான் நடத்துகிறது. நடுவில் ஓட்டல் அரங்கில் நின்றுகொண்டு லா ஹோயாவின் படத்தைக் காட்டுகிறவர்களுக்கு, ஒரு தடவைகூட நம்மூர் லேபின் படத்தைக் காட்டத் துணிவு வந்ததில்லை. காட்டினால் அடுத்த கேள்வி, 'இதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது?' என்று வரும். அதற்கு ஸ்பான்சர் கிடைக்க மாட்டார்.

உங்கள் பிள்ளை வேதியியல் படிக்கிறதா? அடுத்த முறை லேபுக்குப் போகும்போது டிஷ்யூ பேப்பரில் மெல்லிய துண்டு ஒன்று கிழித்து, ஓடுகிற ஹூட்டின் திறந்த வாயருகே இறுக்கமாகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாள் உள்பக்கம் சாய வேண்டும். தொங்கிக்கொண்டே நின்றால் அந்தப் பிள்ளையை அங்கே அமிலம் காய்ச்ச விடாதீர்கள். துறைத்தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஹூட்களில் காற்று வேகத்தைக் கடைசியாக அளந்த தேதி என்ன, அளவு என்ன? பராமரிப்புக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் செலவழித்த தொகை எவ்வளவு? அதே காலத்தில் கருத்தரங்குகளுக்குச் செலவழித்த தொகை எவ்வளவு? விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.